நான் வேண்டாமென்ற போன்

போன் வாங்க வருகிறவர்கள் கடையில் என்னென்னவோ கேட்பார்கள். நான் தண்ணீர் கேட்டேன். குடிக்கத்தான் கேட்கிறேன் என்று நினைத்துக் கடைப்பெண் பாட்டிலை நீட்டினாள். விரலை நனைத்து, மேசைமேல் இருந்த இரண்டு போன்களின் கண்ணாடியிலும் மாற்றி மாற்றித் தேய்த்தேன். அந்தப் பெண் பதறிப்போனாள். என் தங்கை தலையில் அடித்துக்கொண்டாள்.

"மானத்த வாங்காதக்கா!"

மானம் கிடக்கட்டும். எனக்குப் பிழைப்பு முக்கியம். வலங்கைமான் பக்கம் நடவுக்குப் பெண்களைத் திரட்டி அழைத்துப்போகிறவள் நான். நானும் அவர்களோடு வயலில் இறங்கி நடுவேன். கை முழுக்கச் சேறு இருக்கும்போது போனை எடுக்க முடியாது. அதனால் விவசாயிகள் எல்லாரும் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பிவிடுவார்கள். "நாத்து பறிச்சாச்சும்மா, நாளைக்கு ஆள் கொண்டாந்துடு." பறித்துப் போட்ட நாற்று வெயிலில் வாடிவிடும். டீ குடிக்க வரப்பேறும்போது அதைக் கேட்டு, அங்கேயே பதில் சொல்லிவிடவேண்டும். தாமதித்தால் அவர் வேறு ஆளைத்தான் பார்ப்பார். அவரைக் குற்றம் சொல்லி என்ன செய்ய?

தங்கை சொன்ன நீலப் போன் பார்க்க லட்சணமாக இருந்தது. படம் அருமையாக எடுத்தது. ஆனால் ஈரவிரல் பட்டதும் பைத்தியம் பிடித்த மாதிரி எதையெதையோ திறந்தது. வாசலுக்கு எடுத்துப்போய் வெயிலில் பிடித்தால் என் முகம்தான் தெரிந்தது. கறுப்புப் போன் செங்கல் கனம் கனத்தது; படம் சுமார். ஆனால் ஈரக்கைக்குப் பணிந்தது, வெயிலில் எழுத்துத் தெரிந்தது. சத்தமோ, நாலு வயல் தள்ளி நிற்கிறவளுக்கும் கேட்கும். ராத்திரி வரை சார்ஜ் நிற்கும் என்றாள் கடைப்பெண். நான் கறுப்பை எடுத்தேன். நீலத்தைத் தங்கை தனக்கு வாங்கிக்கொண்டாள்.

அன்று அவள் என் வீட்டில் தங்கினாள். "குடுக்கா, நம்பர், வாட்ஸ்அப் எல்லாம் நானே போட்டுத் தர்றேன்." இரண்டு போன்களையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அடுப்படியில் அவளுக்குப் பிடித்த விரால் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தேன். முள் எடுத்துவேறு வைத்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆற்றில் தண்ணீர் வந்து குறுவை நடவு தொடங்கியது. வரப்பேறிப் போனை எடுத்தால், வந்திருக்கும் குரல் செய்திகளில் பாதி, ஏற்கெனவே கேட்ட செய்தி மாதிரி நீல மைக் காட்டும். நான் எங்கே கேட்டேன்? பதறிப்போய்க் கூப்பிட்டால், "வேன்ல ஆளுங்க வர்றாங்கம்மா, பேசி முடிச்சாச்சு. திருப்பனந்தாள் பக்கத்து ஆளுங்க" என்பார்கள். தங்கை வாழ்க்கைப்பட்டுப் போன ஊர்ப் பக்கம்தான். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை பாருங்கள்!

யாரிடம் போய்ப் புலம்பினேன் தெரியுமா? அவளிடமேதான். "ஈரக்கையோட தொடுற இல்ல, அதுவா பாடி முடிச்சிருக்கும். அரிசி டின்ல போட்டு வைக்கா" என்றாள். போட்டு வைத்தேன். பிளாஸ்டிக் கவரில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டேன். டீக்கு முன்னால் முந்தானையில் விரல் விரலாகத் துடைத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. இதற்கு அந்த நீலத்தையே எடுத்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றிவிட்டது.

ஒருநாள் என் கூட்டத்துப் பெண்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அவர்களில் மூத்தவள், நான் நடவு பழகிய காலத்திலிருந்து என் பக்கத்தில் நின்று நடுகிறவள், கேட்டாள்: "ஊரெல்லாம் நடவு நடக்குது. நாங்க வீட்ல குந்திக்கிட்டு இருக்கோம். எங்கள விட்டுட்டு வேற ஆள் வச்சுக்கிட்டியா?"

இந்தப் பெண்கள் போய்விட்டால் எனக்கு என்ன இருக்கிறது? மறுநாள் முதல் பஸ்ஸில் தஞ்சாவூர் போய், கடை திறக்கும்வரை வாசலில் நின்று, அந்தப் போனை மேசையில் போட்டேன். "பேய் புடிச்ச போன வித்துட்டீங்களே! இத எடுத்துக்கிட்டு அந்த நீலத்தக் குடுங்க."

அதே பெண்தான். கத்தி முடிக்கும்வரை பொறுத்துவிட்டு வாட்ஸ்அப்பைத் திறந்து எதையோ பார்த்தாள்.

"போன் நல்லாத்தான்க்கா இருக்கு. உங்க வாட்ஸ்அப் இன்னொரு போன்லயும் ஓடுது. அங்க யாரோ கேட்டா, இங்க கேட்ட மாதிரி காட்டும்."

"யாரு போன்ல?"

அவள் அந்தப் போனின் கம்பெனிப் பெயரைப் படித்தாள். படித்துவிட்டுக் கண்ணாடி அலமாரியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். நான் வேண்டாமென்று வைத்த அந்த நீலம், அதே மாதிரி இன்னொன்று, உள்ளே மினுக்கிக்கொண்டிருந்தது. "அந்த போன்ல ஓடாம எடுத்து விட்ரவாக்கா?" என்றாள். தலையாட்டினேன்.

அடிப்பாவி! கூடப் பிறந்தவள் இப்படிக் கூடவே இருந்து குழி பறிப்பாளா? அங்கிருந்து நேராகத் திருப்பனந்தாள் பஸ் ஏறினேன். வழியெல்லாம் மனசுக்குள் அவளுக்காக நானே வாதாடிக்கொண்டு வந்தேன். கைதவறி ஏதாவது அழுத்தியிருப்பாள், அவள் புருஷன் செய்த வேலையாக இருக்கும் என்று. அவள் வீட்டு வாசலில் வேன் நின்றது. நடவுப் பெண்கள் தூக்குவாளியோடு இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி, என் செய்தியெல்லாம் ஒட்டுக் கேட்டா ஆள் அனுப்புன?"

அவள் முகம் ஒரு நிமிடம் வெளுத்தது. அப்புறம் கைவளையைத் தள்ளிவிட்டுக்கொண்டாள்.

"ஏன்க்கா தெருவுல நின்னு கத்துற? குறுவை முடிஞ்சு தாளடியிலேருந்து ஆள் கூட்டிட்டுப் போறத எங்கிட்டயே விட்டுடலாம்னு நீதானே சொன்ன? உனக்கும் முட்டி வலி. கொஞ்சம் முன்னாடியே ஆரம்பிச்சேன், அவ்ளோதான்."

வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

சொன்னேன்தான். ஆனால் அவளிடம் சொல்லவில்லை. நடவு தொடங்குமுன் ஒருநாள், குவைத்தில் இருக்கும் என் வீட்டுக்காரருக்கு, அடுப்படியில் நின்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன். தங்கச்சி கஷ்டப்படுகிறாள், தாளடி நடவை அவளுக்கே விட்டுக்கொடுக்கலாமா என்று யோசனை கேட்டிருந்தேன். "இப்ப அவகிட்ட சொல்லிடாதீங்க. ஆடிப்பெருக்குக்குப் புடவ எடுத்துக் குடுத்து நானே சொல்றேன். சந்தோஷப்படுவா" என்றும் அதிலேயே சொல்லியிருந்தேன்.

அதையும் கேட்டுவிட்டுத்தான் அவள் வேன் அனுப்பியிருக்கிறாள்.