குப்பை முனையில் ஒரு மஞ்சள் கல்

“இந்தச் சாமிக்குப் பேர் என்னம்மா?” என்று என் மகள் கேட்கிறாள். இன்றுவரை நான் பதில் சொல்லவில்லை.

மலேசியாவில், செனாவாங்கில் உள்ள எங்கள் தாமான் குடியிருப்பில் புதிய வீடுகள் வரவர, சாலை முனையில் பழைய மெத்தைகளும் குழந்தைகளின் பேம்பர்ஸும் குவிந்தன. புல் வெட்ட வருபவர் ஒருநாள் எல்லாவற்றையும் அள்ளி லாரியில் ஏற்றினார். ஒல்லியான மனிதர். புல் தெறிக்காமல் முகத்தை மறைக்கும் வலையை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத்தான் யாரிடமும் பேசுவார். காலியான இடத்தில் செம்பருத்தி நட்டு, அதனடியில் ஒரு கல்லை வைத்து, மஞ்சள் பூசிக் குங்குமம் இட்டார்.

“என்ன சாமிண்ணே?” என்றேன்.

வலையை ஏற்றினார். “சாமியெல்லாம் இல்லம்மா. சாக்கடை தோண்டுனப்ப கெடந்த கல்லு. குப்ப கொட்டாதீங்கன்னு போர்டு வச்சா அதுமேலயே கொட்டுறாங்க. இனிமே கொட்டுவாங்களான்னு பாருங்க லா.”

“தப்பில்லையாண்ணே?”

“இத்தன நாளா நாறிக் கெடந்துச்சே, அது தப்பில்லையா?”

அதன்பின் யாரும் கொட்டவில்லை. இப்போது புல் வெட்ட வேறு ஆட்கள் வருகிறார்கள். மகள் தினமும் பள்ளி வேன் வருமுன் ஒரு செம்பருத்தியைக் கல்லின்மேல் வைக்கிறாள். அவள் காய்ச்சலில் கிடந்தபோது, எல்லாம் தெரிந்த நானே போய்ப் பூ வைத்தேன். எதையும் வேண்டத் தோன்றாமல் சும்மா நின்றேன்.

வெறும் கல் என்றால் வேனில் எல்லோரிடமும் சொல்லிவிடுவாள். மெத்தைகள் திரும்பி வரும். சாமி என்றால் பெற்ற பிள்ளையிடம் பொய். நாளைக் காலையும் கேட்பாள். நீங்களாக இருந்தால் என்ன சொல்வீர்கள்? எனக்குச் சொல்லுங்கள்.