மெல்ச்சோரா அறுத்துக்கொண்டு போன மூலை

மெல்ச்சோரா என் ஓரகத்தி. டிட்டிகாக்கா ஏரியில் மிதக்கும் ஒரு கோரைத் தீவில் பதினோரு வருஷம் ஒன்றாகக் குடியிருந்தோம். அவள் வீட்டில் யாராவது அழுத்தி நடந்தால் என் அடுப்பு ஆடும். மொத்தம் ஐந்து குடும்பம். என் புருஷன் செவெரோதான் தலைவர். அவர் தம்பி நெஸ்தோர் மெல்ச்சோராவின் புருஷன். அண்ணன் எதிரில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருக்கிற ஆள்.

தினமும் கரையிலிருக்கும் பூனோ ஊரிலிருந்து வெளியூர்க்காரர்களைப் படகில் கொண்டுவந்து இறக்குவார்கள். நாங்கள் பெண்கள் சிவப்பும் மஞ்சளுமாகப் பாவாடை கட்டி வரிசையில் நின்று பாட வேண்டும். பிறகு செவெரோ ஒரு பொம்மைத் தீவை மடியில் வைத்துக்கொண்டு, மிதக்கிற கோரை வேர்க்கட்டிகளை எப்படிக் கயிற்றால் பிணைக்கிறோம், மேலே கோரையை எப்படிப் பரப்புகிறோம் என்றெல்லாம் சொல்லுவார். கடைசியில் மெல்ச்சோரா ஒரு சின்ன ரம்பத்தால் அந்தப் பொம்மையை இரண்டாக அறுக்க வேண்டும். "எங்களுக்குள்ள சண்டை வந்தா தீவை அறுத்துக்கிட்டுப் போயிடுவோம்" என்பார் செவெரோ. எல்லோரும் சிரிப்பார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை அறுப்பாள். மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாலும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அறுக்க வேண்டும்.

அந்த மகள் இல்டாவுக்கு இரண்டு வயது. நாங்கள் பாடும்போது அவள் இடுப்பில் கயிறு கட்டி முளையில் முடிந்துவைப்போம். இங்கே நடக்கப் பழகின எல்லாப் பிள்ளைக்கும் அந்தக் கயிறு உண்டு. போன மழைக்காலத்தில் ஒரு நாள் முடிச்சு அவிழ்ந்துவிட்டது. பாட்டு நடுவில் தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம். மெல்ச்சோரா வரிசையை விட்டு நகர்ந்தாள். செவெரோ சிரித்த முகம் மாறாமல் அவள் தோளைப் பிடித்து நிறுத்தி, வாத்துதான், பாடு என்றார். அவள் உதறிக்கொண்டு ஓடிக் குதித்தாள். பிள்ளையைத் தூக்கும்போது உதடு நீலம் பாரித்திருந்தது. நல்ல காலம், மூச்சு திரும்பியது. அன்றைக்கு அந்த முடிச்சைப் போட்டவள் நான். பாவி, அவசரத்தில் ஒற்றை முடிச்சு போட்டேன்.

அப்புறம் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பாடுகிற நேரத்தில் ஒருத்தியாவது பிள்ளைகளோடு இருக்கட்டும் என்றாள். ஐந்து குடும்பம் என்றால் ஐந்து பெண்ணும் நிற்க வேண்டும் என்றுவிட்டார் இவர்.

"அப்போ எங்க மூலையை அறுத்துக் குடுங்க மாமா. எங்க அம்மா தீவோட போய்ச் சேர்ந்துக்கறோம்."

நாலு குடும்பமாகிவிட்டால் படகு நம்மிடம் நிற்காது என்று அதற்கும் மறுத்தார். அன்றே தீவை அறுக்கிற பெரிய ரம்பத்தைக் கொண்டுவந்து எங்கள் கட்டிலுக்கு அடியில் போட்டுக்கொண்டார். ஏழு மாதம் அது என் முதுகுக்குக் கீழேயே கிடந்தது. மெல்ச்சோரா யாரோடும் பேசுவதில்லை. பாடும்போது அவள் கண் அந்த முளையை விட்டு நகராது. 

ஜூன் மாதம், எங்கள் பக்கம் குளிர்காலம், நல்ல வெயில். செவெரோ வெளியே பொம்மையை வைத்துப் பேசிக்கொண்டிருந்தார். எனக்கு என்ன பிடித்ததோ தெரியாது, உள்ளே போய்க் கட்டிலுக்கு அடியிலிருந்து ரம்பத்தை இழுத்து வந்து மெல்ச்சோராவின் முன்னால் போட்டேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். சின்ன ரம்பத்தைப் பொம்மைமேல் வைத்துவிட்டு, பெரியதைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டு மூலைக்குப் போனாள். மறுமுனையை நான் பிடித்தேன்.

வந்தவர்கள் கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் சேர்த்தி என்று நினைத்துப் படம் பிடித்தார்கள். அவர்கள் எதிரில் செவெரோ என்ன செய்வார்? பல்லைக் காட்டிச் சிரித்தபடியே என்னைப் பார்த்து எங்கள் மொழியில், "படகு போகட்டும், அப்புறம் இருக்குடி உனக்கு" என்றார். ஆனால் அது விடுமுறைக் காலம். ஒரு படகு கிளம்புவதற்குள் அடுத்தது வந்து இடித்தது. மாலைவரை அவர் சிரித்துக்கொண்டே நிற்க வேண்டியதாயிற்று. நெஸ்தோர் தன் கோரைப் படகிலிருந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு இறங்கி வந்து, அண்ணன் முகத்தைப் பார்க்காமல், அந்த மூலையின் நங்கூரக் கம்புகளைப் பிடுங்கினான்.

கடைசிக் கட்டி அறுபட்டபோது காலடியில் ஒரு குலுக்கல். நடுவில் ஒரு சாண் தண்ணீர் தெரிந்தது. அறுக்கிற வேகத்தில் நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்றே பார்த்திருக்கவில்லை. செவெரோவின் பக்கம்தான் நின்றிருந்தேன்.

மெல்ச்சோரா இல்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையை நீட்டினாள். "அக்கா, வந்துடு."

ஒரே எட்டுதான். "அடுப்புல உலை கொதிக்குதுடி" என்றேன். அடுப்பை நான் அன்று பற்றவைக்கவே இல்லை. சாண் முழமாயிற்று, முழம் ஆள் உயரமாயிற்று. ரம்பத்தைப் பிடித்துக்கொண்டு நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

செவெரோ என்னை அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. மறுவாரமே கரையிலிருந்து தன் சித்தப்பா குடும்பத்தைக் கொண்டுவந்து குடும்பத்தை ஐந்தாக்கிவிட்டார். படகுகள் பழையபடி வந்தன. நாங்கள் வரிசையில் நின்று பாடி முடித்ததும் சின்ன ரம்பத்தை என் கையில் கொடுத்தார்.

நான் பொம்மையை அறுத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். வந்தவர்களில் ஒருத்தி மட்டும் என்னைப் பார்த்து, நீங்கள் எப்போதாவது அப்படி அறுத்துக்கொண்டு போயிருக்கிறீர்களா என்று கேட்டாள்.

நான் வாயைத் திறப்பதற்குள், "இல்லை, இவ போகமாட்டா" என்றார் செவெரோ.