நுரையீரலின் வயது

எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறேன். காலையில் ஆட்களின் பேரைக் குறித்து முடிப்பதற்குள் மூன்று பீடி தீர்ந்துவிடும். போன மழைக்காலத்தில் ஏற்காட்டில் நடந்த மருத்துவ முகாமுக்கு மனைவிதான் என்னை இழுத்துக்கொண்டு போனாள். அதற்கு அரை நாள் லீவு வேறு. அங்கே ஒரு நர்ஸ் மெஷினோடு சேர்ந்த குழாயை என் வாயில் கொடுத்து ஒரே மூச்சாக ஊதச் சொன்னார்.

மெஷினைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, உங்களுக்கு நாப்பத்தாறு வயசு. உங்க நுரையீரலுக்கு அறுபத்தெட்டுங்க. இப்ப நிறுத்துனாக்கூட நல்லதுங்க" என்றார்.

நான் பயப்படுவேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. முன்பின் தெரியாத யாருடைய வயதையோ கேட்ட மாதிரி இருந்தது. சீட்டை மடித்து, சட்டைப்பையில் பீடிக்கட்டோடு வைத்தேன்.

"நீங்களும் ஊதுங்கக்கா" என்று நர்ஸ் சொன்னதும் மனைவி வெட்கப்பட்டுக்கொண்டே ஊதினாள். அவளுக்கு நாற்பத்தொரு வயது. மெஷின் ஐம்பத்தொன்பது என்றது. இன்னொரு தடவை ஊதச் சொன்னார். அதே எண்தான் வந்தது.

"இவரு ஊட்டுக்குள்ளயும் பீடி குடிப்பாருங்களா?"

மனைவி என் பக்கம் திரும்பவே இல்லை. "இல்லைங்க, வெளிய போய்த்தானுங்க குடிப்பாரு. எங்க ஊட்டுல விறகடுப்புங்க. நொம்பப் புகையுமுங்க" என்றாள். நர்ஸ் அதை அப்படியே எழுதிக்கொண்டார்.

மழை பிடித்தால் கதவு சன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து பீடி குடிப்பவன் நான். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் கேஸ் அடுப்புதான்.