மாமனாருக்கு ஒரு பீஃப் டிப்

என் மாமனாருக்கு மிச்சமிருந்த பற்களையெல்லாம் பூந்தமல்லி பல் டாக்டர் பிடுங்கி முடித்தபோது மாமியார் பெங்களூரில் இருந்தார். சின்ன மகளுக்குப் பிரசவம். ஆவடி வீட்டில் தனியாக விட்டால் மனுஷன் கஞ்சிகூட வைத்துக் குடிக்க மாட்டார் என்று என் மனைவி அவரை நசரத்பேட்டையில் இருக்கும் எங்கள் ஃபிளாட்டுக்கு அழைத்துவந்துவிட்டாள். ஈறு ஆறி, அளவெடுத்து, பல் செட் கட்ட இரண்டு மூன்று மாதமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

மாமனார் ஒரு தொழிற்சாலையில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இயந்திர இரைச்சலுக்கு மேலே கத்திக் கத்தியே பழகிய குரல். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் தண்ணீர் கேட்டால்கூட தெருமுனைக்குக் கேட்கும். அப்படிப்பட்டவர் பல் போனதும் பேச்சையே நிறுத்திவிட்டார். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். தோளில் கிடந்த துண்டு எப்போதும் வாயை மூடியிருந்தது. மாமியார் வீடியோ காலில் வந்தால், போனை மேலே திருப்பி மின்விசிறியைக் காட்டுவார். "எனக்கு ஃபேனையா கட்டி வச்சாங்க?" என்று மாமியார் அங்கிருந்து கத்துவது எங்கள் மூன்று அறைகளிலும் கேட்கும். இவர் அசைய மாட்டார்.

சாப்பாடு அதைவிடப் பெரிய துக்கம். மாட்டுக்கறி வறுவல் இல்லாத ஞாயிற்றுக்கிழமையை அவர் அறிந்ததில்லை. இப்போது ரவைக் கஞ்சி, பாலில் பிசைந்த இட்லி, குழைந்த பருப்புச்சோறு. காரம் கூடாது என்றும் டாக்டர் சொல்லியிருந்ததால் எல்லாமே ஒரே வெளிறிய நிறத்தில், ஒரே ருசியில் இருந்தது. பூசின உடம்போடு வந்தவரின் சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றித் தொளதொளவென்று ஆடத் தொடங்கியது.

நான் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் வீட்டில் முட்டைகூட உள்ளே வராது. பூந்தமல்லியிலிருந்து போரூர் போகும் ஷேர் ஆட்டோவில் பழகி, கல்யாணம்வரை வந்தவர்கள் நானும் என் மனைவியும். அவள் வீட்டில் எதைச் சமைத்தாலும் எனக்கு மறுப்பு கிடையாது, ஆனால் நான் சாப்பிட்டதில்லை. அதனால் மாமனார் எனக்கு 'தயிர்சாதம்' என்று பெயர் வைத்திருந்தார். முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார். பிறகு முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார். அதில் கோபமோ பாசமோ எதுவும் இருப்பதாகத் தெரியாது. எனக்கும் அவருக்கும் பேசிக்கொள்ள வேறு எதுவும் இருந்ததில்லை.

ஒரு சாயங்காலம் அவர் பால்கனியில் உட்கார்ந்து பொறையை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தார். டீக்கடை கண்ணாடி ஜாடியில் இருக்குமே, அந்தக் காய்ந்த ரொட்டி. முக்கினால் பஞ்சாகிவிடும். பல நாள் கழித்து அவர் வாயிலிருந்து ஒரு முழு வாக்கியம் வந்தது.

"இனிமே எனுக்கு இதான் மாப்ளே பிரியாணி."

காற்றும் எச்சிலும் கலந்து வந்த அந்தப் பேச்சு எனக்குச் சிரிப்பையும் வருத்தத்தையும் ஒன்றாகக் கொடுத்தது. அப்போதுதான் ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. ஆபீசில் என்னைச் சில மாதம் அமெரிக்காவுக்கு அனுப்பியிருந்தார்கள். அங்கே ஒரு மதியம் டீமோடு சாப்பிடப் போன இடத்தில் எல்லோருக்கும் கறி வைத்த நீள ரொட்டியும், கூடவே ஒரு சின்னக் கிண்ணத்தில் கறி வெந்த சாறும் வந்தது. ரொட்டியைச் சாற்றில் முக்கி முக்கித் தின்றார்கள். நான் உருளைக்கிழங்கு வறுவலைக் கொறித்துக்கொண்டு வேடிக்கை பார்த்தேன். அடுத்த மேஜையில் பல் போய்க் கன்னம் ஒட்டிய ஒரு கிழவரும் அதையே தின்று தட்டைத் துடைத்து வைத்திருந்தார். அதற்குப் பெயர் பீஃப் டிப் என்று சொன்னார்கள்.

பொறை தின்ற அன்று ராத்திரி, அதை மாமனாருக்குச் செய்துதரப் போகிறேன் என்று மனைவியிடம் சொன்னேன்.

"நீயா? கறி ஆக்கப் போறியா?" என்றாள். "கறிக்கடைப் பக்கம் போனாலே ரோட்டைக் கிராஸ் பண்ணி எதிர்ப்பக்கம் நடக்கிற ஆளு நீ."

"வீடியோ பார்த்து செய்யறேன். சனிக்கிழமை எனக்கு லீவுதானே."

ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கும் அவளுக்குச் சனிக்கிழமை டியூட்டி உண்டு. அன்று வீட்டில் நானும் மாமனாரும் மட்டும்தான்.

பூந்தமல்லியில் ஒரு கறிக்கடையில் போய் நின்றேன். கடைக்காரர், "தனிக்கறியா, எலும்போடவா?" என்று கேட்டார். கொழுப்பே இல்லாமல், சிவப்பாக, சுத்தமாகத் தெரிந்த துண்டைக் காட்டி, "இதை வெட்டாம முழுசா குடுங்க பாய்" என்றேன். வெட்டாமலா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டுத்தான் பையில் போட்டார்.

வீட்டுக்கு வந்து அதைக் கழுவத் தொட்டபோது குளிர்ந்து கனமாக இருந்தது. கையை இழுத்துக்கொண்டேன். மாமனார் சமையலறை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

"கட்ச்சிடாது மாப்ளே. என்னாலயே கட்ச்சிக்க முடியல, அது இன்னாத்த கடிக்கப்போவுது?"

அந்த முதல் முயற்சி படுதோல்வி. அடுப்பை வேகமாக வைத்துவிட்டேன். தண்ணீர் வற்றியது, மறுபடி ஊற்றினேன், மறுபடி வற்றியது. பசி வேளை வந்ததும் இறக்கிவிட்டேன். கத்தியால் மெல்லிசாகச் சீவி, பேக்கரியில் வாங்கிய நீள பன்னுக்குள் வைத்து, கிண்ணத்தில் சாறு ஊற்றிக் கொடுத்தேன். மாமனார் முக்கினார். வாயில் போட்டார். கன்னம் இந்தப் பக்கம் புடைத்தது, அந்தப் பக்கம் புடைத்தது. ரொம்ப நேரம் கழித்துத் துண்டுக்குள் எதையோ துப்பி மடித்தார்.

"கறி ரப்பரா கீது. பன்னு கேக்காட்டம் இனிக்குது. கேக்ல செருப்ப வெச்ச மாதிரி." சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார்.

சாயங்காலம் வந்த மனைவி மிச்சத்தைத் தின்று பார்த்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். "எதுக்கு இந்தப் பாடு? குக்கர்ல போட்டு விசில் விடு" என்றாள். மறுநாள் அதையும் செய்து பார்த்தோம். கறி வெந்தது. ஆனால் நார்நாராக, காய்ந்த தேங்காய் மட்டைபோலப் பிரிந்தது. தொண்டையில் இறங்க மறுத்தது.

விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை மாமனாரே தொடங்கினார்.

"அந்த டிப்பு... மறுக்கா பண்ணுவியா?"

"பண்ணலாம் மாமா. ஆனா கறி சரியா வாங்கத் தெரியல."

"கொய்ப்பே இல்லாத கறிய வாங்கியாந்தா எப்பிடி நைனா மெத்துனு வேவும்? நானும் வரேன்."

பல் பிடுங்கிய பிறகு அவர் டாக்டரைத் தவிர வேறு எதற்காகவும் வாசல்படி தாண்டியிருக்கவில்லை. சனிக்கிழமை காலை, கொரோனா காலத்தில் வாங்கி அலமாரியில் கிடந்த துணி மாஸ்க்கை எடுத்து மூக்குவரை ஏற்றிக் கட்டிக்கொண்டு என் வண்டியில் பின்னால் ஏறினார். கடையில் நல்ல கூட்டம். மாஸ்க்குக்குள்ளிருந்து அவர் சொன்னது கடைக்காரருக்கு விளங்கவில்லை. மறுபடி சொன்னார். கடைக்காரர் காதில் கையை வைத்துக் குனிந்தார். மாமனார் என்னைப் பார்த்தார், பின்னால் நின்ற கூட்டத்தைப் பார்த்தார். பிறகு மாஸ்க்கை ஒரே இழுப்பில் தாடைக்குக் கீழே இறக்கி, பழைய கிரேன் குரலில் கத்தினார்.

"நெஞ்சுக்கறி பாய்! கொய்ப்போட! பல்லு கில்லு ஒண்ணும் இல்ல எனுக்கு, அதுக்கேத்தா மாதிரி குடு!"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். கடைக்காரரும் சிரித்தபடி, "அப்பிடி சொல்லு பெரியவரே" என்று நெஞ்சுப் பக்கம் திரும்பினார். மாமனார் மாஸ்க்கை மறுபடி ஏற்ற மறந்துவிட்டார். வீடு திரும்பும் முன் குமணன்சாவடிவரை போகவைத்து, ஒரு பேக்கரியில் இறங்கி, இனிப்பில்லாத சால்ட் பிரெட்டை ஸ்லைஸ் போடாமல் முழுசாக வாங்கியதும் அவர்தான். அதற்குள் பேக்கரிக்காரரோடு ஒரு சின்னச் சண்டையும் போட்டு முடித்திருந்தார்.

இந்த முறை நான் அவசரப்படவில்லை. கறியில் உப்பும் மிளகுத்தூளும் தேய்த்தேன். மனைவியின் பிரியாணிக் குண்டானில் எண்ணெய் காயவைத்து, நாலு பக்கமும் நன்றாகச் சிவக்கவிட்டு எடுத்து வைத்தேன். அதே எண்ணெயில் நிறைய வெங்காயம், ஒரு முழுப் பூண்டு. வெங்காயம் கருஞ்சிவப்பாகும்வரை வதக்கி, பிரிஞ்சி இலை போட்டு, கொஞ்சம் சோயா சாஸ், துளி வினிகர், கறி முங்கத் தண்ணீர். மூடி, அதன்மேல் தண்ணீர் நிறைந்த ஒரு பாத்திரத்தைத் தூக்கிவைத்து, அடுப்பை இருப்பதே தெரியாத அளவுக்குக் குறைத்தேன்.

ஒரு சிக்கல் இருந்தது. சாற்றில் உப்பு சரியா என்று பார்க்க என்னால் முடியாது. வாசலில் உட்கார்ந்திருந்தவரிடம் கரண்டியை நீட்டினேன். ஊதி ஊதி உறிஞ்சினார்.

"உப்பு பத்தல."

போட்டேன்.

"மொளகாத்தூள் ஒரு ஸ்பூன் போடு."

"டாக்டர் திட்டுவாரு மாமா."

"டாக்டருக்கா நீ ஆக்கிப்போடுற? சரி, மொளகாவது இன்னும் கொஞ்சம் தட்டிப்போடு."

இப்படியே மதியம் தாண்டியது. பேசாத மனுஷன் அன்று பேசித் தீர்த்தார். கிரேன்மேல் ஏறி உட்கார்ந்தால் கீழே வேலை செய்பவர்களின் வழுக்கைகள் எப்படித் தெரியும் என்று சொன்னார். கல்யாணமான புதிதில் என் மாமியாருக்குப் பயந்து, மேலே உட்கார்ந்தபடியே பீடி பிடித்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன கதையைச் சொன்னார். நான் என் ஊர்க் கதைகளைச் சொன்னேன். நடுவில் எதிர் ஃபிளாட் அம்மா கதவைத் தட்டி, "வாசனை தூக்குதே, ஊர்லேர்ந்து யாராச்சும் வந்திருக்காங்களா?" என்று கேட்டார். கரண்டியும் கையுமாக நின்ற என்னை நம்பாமல் பார்த்துவிட்டுப் போனார்.

மூடியைத் திறந்து முள்கரண்டியால் தொட்டேன். கறி தானாகவே விலகியது. பிரெட்டைக் கனமாக வெட்டி, தோசைக்கல்லில் வெண்ணெய் தடவிச் சுட்டு, உதிர்த்த கறியையும் வெங்காயத்தையும் நடுவில் வைத்துக் கொடுத்தேன். பக்கத்தில் கிண்ணம் நிறையச் சாறு.

மாமனார் பொறையை முக்குகிற அதே பதத்தில் முக்கினார். ஈறால் அழுத்தினார். கண்கள் மெல்ல மூடின. நான் கரண்டியோடு பார்த்துக்கொண்டு நின்றேன். இன்னொரு தடவை முக்கினார். முழங்கைவரை சாறு வழிந்தது. தட்டு காலியாகும்வரை அவர் தலை நிமிரவில்லை.

பிறகு கையைக்கூடக் கழுவாமல், "போன எட்து அவ்ளுக்குப் போடு" என்றார்.

மாமியார் திரையில் வந்தார். மடியில் பச்சைக்குழந்தை. மாமனார் போனை வாங்கி நேராகத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். பல்லில்லாத அந்த வாயை மாமியார் அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார்.

"இன்னாயா இது," என்றார் மாமியார் கடைசியில். "இதோ, என் மடியில கீற பேரனும் நீயும் ஒரே மாதிரி கீறீங்க."

அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை விழித்து அழுதது. மாமனாரும் வாயை அகலத் திறந்து குலுங்கிச் சிரித்தார். "மாப்ளே ஆக்கினாரு," என்று காலித் தட்டைத் திரையில் காட்டினார். தயிர்சாதம் என்று சொல்லவில்லை. எனக்கு என்னவோ போலாகி, பாத்திரம் கழுவுகிற சாக்கில் உள்ளே போய்விட்டேன்.

அதன் பிறகு எங்கள் சனிக்கிழமைகள் அப்படியே அமைந்துவிட்டன. ஒரு வாரம், அவர் தின்றுகொண்டிருக்கும்போது திடீரென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"இவ்ளோ நேரம் அடுப்புகிட்ட நிக்கிற. நீ துன்னவே மாட்டியா?"

"பழக்கமில்ல மாமா. தப்பா நெனைக்காதீங்க."

"இதுல தப்பு இன்னா கீது?" என்றவர் மறுபடி ரொட்டியை முக்கினார்.

அடுத்த சனிக்கிழமை நான் எழுந்தபோது அவரைக் காணோம். போனும் மேஜைமேல் கிடந்தது. மனைவியும் நானும் பதறிப் படியிறங்கினோம். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவிலிருந்து மாஸ்க்கும் துண்டும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருந்தார். ஒரு கையில் கறிப் பை. இன்னொரு கையில் நாலைந்து பாக்கெட் காளான்.

"இன்னா பாக்குற? உனுக்கும் தோச்சித் துன்ன ஒண்ணு வேணாமா?" என்றார்.

அன்று அடுப்பில் இரண்டு குண்டான்கள் ஏறின. காளானுக்கும் அதே வெங்காயம், அதே பூண்டு, அதே மிளகு. அது சீக்கிரம் வெந்துவிட்டது, நான்தான் கறி வேகும்வரை காத்திருந்தேன். பால்கனியில் எதிரெதிரே உட்கார்ந்து இரண்டு பேரும் முக்கித் தின்றோம். என் கிண்ணத்தில் அவர் விரலை விட்டு நக்கிப் பார்த்து, "இதுலயும் உப்பு பத்தல" என்றார். டியூட்டி முடிந்து வந்த மனைவி இரண்டிலும் ஒவ்வொன்று வாங்கித் தின்றாள். எது நன்றாக இருக்கிறது என்று கேட்டதற்கு, இரண்டு கிண்ணத்தையும் வழித்துவிட்டுக் கை கழுவப் போனாள்.

பல் செட் வந்தது. முதல் நாள் குதிரைபோல இருக்கிறது என்று அவரே கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். மாமியார் பெங்களூரிலிருந்து திரும்பியதும் மாமனார் பெட்டியைக் கட்டிக்கொண்டு ஆவடிக்குப் போய்விட்டார். போன மாதம் நாங்கள் அங்கே போனோம். மாமியார் சமையலறையில் குண்டான் ஏறியிருந்தது. பச்சை மிளகாய், இஞ்சி, மஞ்சள்தூள், கொத்தமல்லி, கூடவே தேங்காய்ப்பால். சாறு மஞ்சளாகத் தளதளத்தது. எனக்கென்று அதே மசாலாவில் காளானும் தனியாகக் கொதித்தது.

"டிப்பு பண்றேன் மாப்ளே. நீங்க பண்ணது வெறும் வெந்நீயாட்டம் கீதுனு இவரு சொன்னாரு," என்றார் மாமியார்.

"நான் எங்க சொன்னேன்?" என்று ஹாலிலிருந்து அந்தத் தெருவுக்கே கேட்கும்படி மாமனார் கத்தினார்.