பாதி மிதக்கும் எக்சல்

எங்கள் வேனின் சக்கரமே எங்களை முந்திக்கொண்டு போனதை நான் பார்த்திருக்கிறேன். சொன்னால் இன்றும் யாரும் நம்புவதில்லை.

எல்கடுவையில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் தம்பியிடம் மட்டும்தான் வேன் இருந்தது. பழசுதான். ஆனால் அதன் ஒவ்வொரு பாகத்துக்கும் பெயர் என்ன, அந்தப் பெயர் ஏன் வந்தது என்று மாமா ஆரம்பித்தால் சோறு ஆறிப்போகும். அம்மாவுக்குப் பிரசவ வலி கண்ட காலையில் அப்பா, தேயிலைக் கொழுந்து ஏற்றும் லாரியைக் கேட்கப் புறப்பட்டார். மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது.

"எங்க அக்காவ கொழுந்து மூட்டையோட ஏத்துவீங்களா மச்சான்? நான் எதுக்கு இருக்கேன்?"

மாத்தளை ஆஸ்பத்திரிக்கு இறங்கும் வழியெல்லாம் வேனின் பின்பக்கம் ஏதோ முனகியது. அது என்ன சத்தம் என்று அப்பா கேட்டார். மாமா பதிலுக்கு எக்சலின், அதாவது சக்கர அச்சின், பெயர்க்காரணம் சொன்னார். லாரியில் பாரத்தை எக்சலின் வெளிக்கூடே தாங்கிக்கொள்ளுமாம். உள்ளே ஷாஃப்ட் என்ற தண்டு சுமையில்லாமல் சும்மா சுற்றுவதால்தான் அதை ஃபுல் ஃப்ளோட்டிங், முழுக்க மிதப்பது, என்கிறார்களாம். ஷாஃப்ட் ஒடிந்தாலும் சக்கரம் கழலாதாம். வேனில் ஷாஃப்டே சுற்றவும் வேண்டும், சுமக்கவும் வேண்டும். அதனால் பாதிதான் மிதப்பு.

"அப்ப இது ஒடைஞ்சா?" என்றார் அப்பா.

"நம்மளது ஒடையாது மச்சான்."

அம்மா பல்லைக் கடித்துக்கொண்டு என் கையை நெரித்தாள். எனக்கோ மாமாவின் அறிவை எண்ணிப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் ஜன்னலோரம் அது ஓடியது.

"மாமா, ஒரு டயர் தனியா போகுது!"

"எவன் வண்டியோடதோ, பாவம்," என்று மாமா சிரித்தார்.

சிரித்து முடிப்பதற்குள் வேன் ஒரு பக்கம் சாய்ந்து, தாரைக் கீறிக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றது. சக்கரம் தேயிலைச் செடிகளுக்குள் குதித்து மறைந்தது. அம்மா கத்தினாள். மாமா கீழே இறங்கி, ஒடிந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெகுநேரம் கழித்து வந்தது அதே கொழுந்து லாரி. மூட்டைகளை இறக்கிவிட்டு அம்மாவை ஏற்றினார்கள்.

சில நாளில் அம்மா வெறுங்கையோடு திரும்பி வந்தாள். பாப்பா எங்கே என்று கேட்டேன். அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மாமா உள்ளே வராமல் வாசலோடு நின்றுவிட்டார். அவரைப் பேசவைக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான்.

"மாமா, லாரியா இருந்தா சக்கரம் கழண்டிருக்காது தானே?"

மாமா தலையில் அடித்துக்கொண்டு, நிலைப்படியிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதார். எல்லாம் தெரிந்த மாமாவுக்கு இந்தச் சின்னக் கேள்விக்குப் பதில் தெரியாமல் போயிற்றே என்று எனக்கு வருத்தமாக இருந்தது.