கறுப்புக் கட்டத்தில் என் பெயர்

கல்யாண மாதங்களில் அச்சு மிஷின் நின்றால் முதலாளிக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். அறுபதுகளில், திருச்சி தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த அச்சகத்தில் மிஷின் ஒன்றே ஒன்றுதான், ஓட்டியவன் நான். கல்யாணப் பத்திரிகை ஓடிக்கொண்டிருக்கும்போது கருமாதிப் பத்திரிகைக்கு ஆள் வந்து நிற்பார். மிஷினை நிறுத்தி, சிவப்பு மையை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, ஈய எழுத்துகளைக் கோத்து, இரும்புச் சட்டத்தில் முடுக்குவதற்குள் ஒன்றரை மணி நேரம் போய்விடும்.

“அரை மணிக்குள்ள மாத்த முடிஞ்சா இரு. இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்” என்றார் முதலாளி. வீட்டில் மனைவிக்கு ஏழாம் மாதம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த ரோஷத்தில் ஒரு வேலை செய்தேன். சும்மா கிடந்த இன்னொரு சட்டத்தில் கறுப்புக் கட்டம், ‘சிவலோக பதவி’ வாசகம் எல்லாவற்றையும் முன்கூட்டியே முடுக்கிவைத்தேன். ஆள் வந்ததும் பெயர், வயது, ஊர், தேதியை மாற்றினால் போதும். பெயர் வரியைக் காலியாக விட்டால் எழுத்துகள் உதிர்ந்துவிடும். அதனால் என் பெயரையே கோத்தேன், இருபத்தாறு என்ற என் வயதோடு.

“அபசகுனம்யா! வெறும் ஈயக்கட்டைய வையேன்” என்றார் முதலாளி.

“ஈயத்துக்கு என்னங்க தெரியும், சகுனமும் மண்ணாங்கட்டியும்!” என்றேன். வாய்க்கொழுப்பு.

இருபது நிமிஷத்தில் மாற்ற ஆரம்பித்தேன். முதலாளி சிரித்தார். ஒவ்வொரு முறையும் என்னை எடுத்துவிட்டு இன்னொருவரை வைப்பேன். அச்சானதும் அவரை எடுத்துவிட்டு என்னை வைப்பேன். என் பெயரை முடுக்கிவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் அடுத்த ஆள் வாசலில் நிற்பார். வெளியே சொல்லவில்லை, ஆனால் பயந்தேன்.

ஒரு நாள், நல்ல வெயில் நேரத்தில், முசிறியிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மகன் போய்விட்டான், மூன்று மணி பஸ்ஸுக்குப் பத்திரிகை வேண்டும் என்றார். மகனின் பெயரையும் வயதையும் எழுதிய துண்டுத்தாளை நீட்டினார். படித்தேன். மறுபடியும் படித்தேன். என் பெயர். இருபத்தாறு.

அந்த வரியில் கை வைக்க வேண்டியிருக்கவில்லை. ஊரையும் தேதியையும் மட்டும் மாற்றினேன். பத்தே நிமிஷம். அந்த மிஷின் அவ்வளவு சீக்கிரம் என்றைக்கும் மாறியதில்லை. தாள் தாளாக என் பெயர் கறுப்பாக வந்து விழுந்தது.

பத்திரிகைக் கட்டை அவரிடம் கொடுக்கும்போது, உள்ளேயிருந்து முதலாளி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நான் திரும்புவதற்குள் பெரியவர் திரும்பிவிட்டார்.

“எங்கே?” என்றார்.

‘இதோ வரேங்க’ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலாளி மறுபடியும் கூப்பிட்டார்.