இரண்டு பெயர்களோடு விசா கேட்டேன்

எனக்காக ஜெபித்த சகோதர சகோதரிகளே, நான் உயிரோடிருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எந்த நாட்டிலிருந்து எழுதுகிறேன் என்று மட்டும் கேட்காதீர்கள். பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

என் கணவர் கதிர், கொடுமுடிப் பக்கம் மஞ்சள் காடு வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை. என் அப்பா அந்தக் காட்டில் கூலி வேலை செய்தவர். இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை. கல்யாணமான ஒன்றரை வருடத்தில் கோயமுத்தூர் சரவணம்பட்டியில் மூன்று வீடு மாறினோம். மூன்றாவது வீட்டுக்கு எதிரே கதிருடைய பெரியப்பா மகன்களின் கார் இரண்டு நாள் நின்றது. போலீசில் சொன்னோம். "பேசிச் சமாதானமாப் போயிக்கோங்க" என்றார்கள்.

நான் வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே சாஃப்ட்வேர் டெஸ்டிங் செய்கிறவள். அப்படிப்பட்டவர்கள் குடும்பத்தோடு போய்த் தங்க, சில நாடுகள் நீண்டகால விசா தருகின்றன. விண்ணப்பித்தேன். வேலைச் சான்று, இன்ஷூரன்ஸ் எல்லாம் சரி. மாட்டியது என் பெயர். பாஸ்போர்ட்டில் நான் செல்வி. கல்யாணச் சான்றிதழில் எஸ்தர். கிறிஸ்தவப் பெயர் இருந்தால் எங்கள் சாதிச் சான்றிதழ் கிடைக்காது என்பதால் பள்ளியில் ஒன்று, சபையில் ஒன்று. எங்கள் தெருவில் எல்லாருக்கும் அப்படித்தான். இரண்டும் ஒருத்தியே என்று பத்து நாளில் நிரூபிக்கச் சொன்னார்கள். இல்லாவிட்டால் எனக்கு மட்டும் விசா, கதிருக்குக் கிடையாது. இத்தனை வருடம் இரண்டு பெயரில் காலம் தள்ளியவளுக்கு நல்ல அடி.

இரண்டு பெயரும் சேர்ந்திருப்பது எங்கள் ஊர்க் கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் மட்டும்தான். அதைப் பார்த்துப் போதகர் கடிதம் எழுதிவிட்டார். அசல் கடிதமே வேண்டும், ஆனால் தபாலில் போடவும் ஆள் மூலம் கொடுத்தனுப்பவும் பயந்தார். யார் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். என் பெற்றோர் எப்போதோ ஊரைவிட்டு ஓடிவிட்டார்கள். நான் போனால் பிணமாகத்தான் வருவேன்.

ஏழு நாள் உபவாசம் இருந்தேன். பொய் சொல்லமாட்டேன், அது ஜெபம் அல்ல, சண்டை. "ஆண்டவரே, இருக்கிறீரா இல்லையா?" என்று கேட்டேன். "நீ மட்டும் போயிரு" என்றார் கதிர். அதைவிடச் செத்துப்போகலாம் என்றிருந்தது.

எட்டாம் நாள் காலை, எங்கள் ஊர்க் கோயிலைப் பெருக்கி மணியடிக்கும் கோயில்பிள்ளையின் போனிலிருந்து அழைப்பு. பேசியது கதிரின் அம்மா.

"அம்மணி, காயிதம் எங்கிட்ட இருக்குது. பதினோரு மணிக்குக் கோயமுத்தூர் டேசனுக்கு வாரேன்."

கோயில்பிள்ளையின் மனைவி அத்தையின் காட்டில் களையெடுக்கும்போது எங்களை நினைத்து அழுதிருக்கிறாள். அத்தை கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் கோயிலுக்குள் முதல்முறையாக நுழைந்து கடிதத்தை வாங்கியிருக்கிறார். இது பொறி என்று கதிர் தடுத்தார். ஒரு வார்த்தை ஜெபித்துவிட்டு நான் தனியாகப் போனேன்.

பிளாட்பாரத்தில் அவரும் தனியாகத்தான் நின்றார். காய்கறிப் பையிலிருந்து கடிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

"ஏனுங்க அத்தை, மாமாவுக்குத் தெரிஞ்சா என்னங்க பண்ணுவீங்க?"

என் கன்னத்தைத் தொட்டார். "போயிட்டு வாங்கன்னு சொல்லத்தான் வாய் வருது. ஆனா வந்துராதீங்க கண்ணு, ரெண்டு பேரும்" என்றார். அடுத்த ரயிலிலேயே திரும்பிவிட்டார்.

இருவருக்கும் விசா வந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். யாரைக் கண்டு நான் நடுங்கினேனோ அந்த வீட்டிலிருந்தே எனக்கு உதவியை அனுப்பினார். இப்போது நான் யாரையும் எதிரி என்று சட்டென முடிவு கட்டுவதில்லை. உங்களுக்கும் வழி அடைபட்டிருந்தால் அவரிடம் கேளுங்கள், சண்டை போட்டாவது கேளுங்கள்.

ஸ்டேஷனில் எங்களை யாரோ பார்த்து ஊரில் சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து அத்தை போனை எடுப்பதில்லை. காட்டுப் பக்கமும் அவரைக் காணோம் என்கிறார் கோயில்பிள்ளை. எங்களுக்காக ஜெபித்தது போதும். இனி அவருக்காக ஜெபியுங்கள்.